விண்ணின் கண்ணும் நுண்பொருளின் கையும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதம் தாழ்நிலத்தைக் கடந்து மலையேறத் தொடங்கும் இடம் ரம்புக்கனை. 1867 ஆம் ஆண்டு கண்டி வரை இருப்புப்பாதை திறக்கப்பட்ட நாள்தொட்டு இச்சிறு நகர் சமவெளிக்கும் மலைக்கும் இடையே ஒரு வாயிலாக விளங்கி வருகின்றது. நீராவி எந்திரங்கள் ஓடிய காலத்தில், கடுகண்ணாவை ஏற்றத்தை ஏறுவதற்கு வேண்டிய துணை எந்திரத்தை ஈண்டுதான் பூட்டுவர். நகரைச் சூழ இறப்பர்த் தோட்டங்கள். அவற்றின் நடுவே லயங்கள். அண்மையில், 1975 இல் தொடங்கப்பட்ட பின்னவலை யானைகள் சரணாலயம். அதன் யானைகள் நாள்தோறும் இறங்கி நீராடும் மா ஓயா. கேகாலை மாவட்டத்து மலைச்சரிவுகளில் தோன்றி 130 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, நீர்கொழும்புக்கு வடக்கே கொச்சிக்கடையருகே கடலில் கலக்கும் அவ்வாறு, தன் நெடுவழியில் எத்தனையோ ஊர்களுக்குக் குடிநீராகின்றது. அதே ஆறு எத்தனையோ ஊர்களின் கழிவையும் சுமக்கின்றது.

இறப்பர்த் தோட்டமொன்றின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். வைகறையில் மரத்தில் வெட்டப்பட்ட பால் சிரட்டையில் வடிந்து, வாளியில் சேர்ந்து, ஆலையை அடைகின்றது. அங்கு அது நீர் சேர்த்துக் கலக்கப்பட்டு, அமிலமிட்டு உறையவைக்கப்படுகின்றது. உறைந்த இறப்பர் தாளாகி ஏற்றுமதிக்குச் செல்ல, எஞ்சிய புளித்த நீர் வாய்க்காலை நாடுகின்றது. புரதமும் சருக்கரையும் அமிலமும் கலந்த அந்நீர் சுத்திகரிக்கப்படாது ஓடையிற் சேருமாயின், நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும்போது நீரிலுள்ள ஒட்சிசனை உண்டு தீர்க்கின்றன. மீன் மடிகின்றது, நாற்றம் எழுகின்றது. ஓடையின் கீழ்ப்புறத்தில் பீலியமைத்து நீர் பிடிக்கும் லயத்துப் பெண்ணுக்கு இவ்வுண்மையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. குடத்தை மூக்கருகே கொண்டு சென்றதும் அவள் அதனை அறிந்துகொள்கின்றாள்.

இன்று இத்தகைய கேடுகளுக்குத் தீர்வாக இரு தொழினுட்பங்கள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று பூமியை வானிலிருந்து நோக்கும் செய்மதி. மற்றது பொருளை அணுக்களின் அளவில் கையாளும் நனோ தொழினுட்பம். முன்னது மாசு எங்குள்ளது எனக் காட்டும் கண். பின்னது அதனை அகற்றும் கை. இவ்விரண்டும் மனிதனுக்கு வாய்த்துவிட்டால் மாசு பற்றிய பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீருமெனில் எஞ்சுவது பணமும் பயிற்சியும் பற்றிய வினா மாத்திரமே. அதனைப் பொறியியலாளரும் பொருளியலாளரும் பார்த்துக்கொள்வர். தீராதெனில், கருவிகள் எல்லாம் வந்த பின்னரும் மனிதனிடம் கேட்கப்படும் ஏதோவொன்று எஞ்சிநிற்கின்றது என்பது பொருள். அது யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கண்ணைப் பற்றி நோக்குவோம். பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் செய்மதிகளால் உலகமுழுவதும் செய்தித்தொடர்பு கொள்ளலாம் என 1945 இல் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். 1956 முதல் 2008 இல் மறையும் வரை அவர் இந்நாட்டையே தமது இல்லமாகக் கொண்டார் என்பது இலங்கையர் பெருமையோடு நினைவுகூரும் செய்தி. 1972 இல் ஏவப்பட்டுப் பின்னர் லான்ட்சற் எனப் பெயர் பெற்ற செய்மதி, நிலத்தையும் நீரையும் காட்டையும் தொடர்ந்து படம்பிடிக்கும் பணியைத் தொடக்கி வைத்தது. ஒவ்வொரு பொருளும் ஒளியின் சில அலைநீளங்களை உறிஞ்சிச் சிலவற்றைத் தெறிக்கவிடுகின்றது. பசிய இலை ஒருவகையிலும் வாடிய இலை வேறொருவகையிலும் தெறிக்கும். தெளிந்த நீரும் கலங்கிய நீரும் அவ்வாறே வேறுபடும். இவ்வேறுபாட்டைப் படிப்பதன் மூலம் காடு அழிவதையும், ஏரியிற் பாசி பெருகுவதையும், ஆற்று முகத்துவாரத்தில் வண்டல் பரவுவதையும் செய்மதி அறிவிக்கின்றது. கடலில் எண்ணெய் படரும்போது சிற்றலைகள் அடங்கிவிடுவதால், ராடர்ச் செய்மதியின் படத்தில் அப்பகுதி கரும்பட்டையாகத் தோன்றும். 2017 இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்மதியொன்று, வளிமண்டலத்திலுள்ள நைதரசன் ஈரொட்சைட்டையும் மெதேனையும் நாள்தோறும் அளந்து வருகின்றது.

இதன் அறவியற் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடலாகாது. மாசு செய்வோரின் முதல் அரண் மறைப்பு ஆகும். இரவில் திறந்துவிடப்படும் கழிவும், நடுக்கடலிற் கொட்டப்படும் எண்ணெயும், எவரும் பாரார் என்னும் நம்பிக்கையிற் செய்யப்படுபவை. முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் அந்த வித்தை, வானில் ஒரு கண் திறந்ததும் கடினமாகிவிட்டது. ஒரு நாட்டின் புகை மறுநாட்டின் வானில் நுழைவதைப் படம் காட்டும்போது, மாசுக்கு எல்லைக்கோடு இல்லை என்னும் உண்மையும் கண்கூடாகின்றது.

எனினும், காண்பதும் அறிவதும் ஒன்றல்ல என்பதற்குச் செய்மதி வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் படலம் ஆண்டுதோறும் மெலிந்து வருவதை 1985 இல் உலகுக்கு அறிவித்தோர், நிலத்தில் நின்று எளிய கருவியொன்றால் நெடுங்காலம் பொறுமையோடு அளவெடுத்த பிரித்தானிய ஆய்வாளர் மூவர். அக்காலத்தில் அமெரிக்காவின் நிம்பசு-7 செய்மதியும் அதே வானத்தை அளந்துகொண்டுதான் இருந்தது. ஆயின் அதற்குக் கிடைத்த எண்கள் எதிர்பார்ப்புக்கு மிகக் குறைவாக இருந்தமையால் ஐயத்துக்குரியவையெனக் குறியிடப்பட்டு ஒருபுறம் வைக்கப்பட்டன. நிலத்து ஆய்வாளர் பேசிய பின்னரே அவ்வெண்கள் முழுமையாக மீளநோக்கப்பட்டு, துளையின் பரப்பு உலகுக்குப் படமாகக் காட்டப்பட்டது. கண் கண்டது, அக்காட்சியை ஏற்க மனம் ஆயத்தமாக இருக்கவில்லை. பின்னர் அவ்விரண்டும் சேர்ந்தபோது, 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. கருவியின் காட்சியும் நிலத்தில் நிற்போரின் சாட்சியும் ஒன்றையொன்று வேண்டிநிற்பவை என்பதே இதன் படிப்பினை.

செய்மதியின் கண்ணுக்கு வேறு எல்லைகளும் உள. எவரும் இலவசமாகப் பெறக்கூடிய ஐரோப்பியச் செய்மதிப் படங்களில், மிகக் கூர்மையானவற்றிலும், ஒரு புள்ளி 10 மீற்றர் பக்கமுள்ள சதுரத்தைக் குறிக்கும். இரண்டு மீற்றர் அகலமுடைய தோட்டத்து ஓடை அப்புள்ளிக்குள் மறைந்துபோகும். சப்பிரகமுவ மலைகளின் மேல் மழைமேகம் கவிந்திருக்கும் நாள்களில், ஒளியை நம்பும் செய்மதி மேகத்தின் முதுகை மாத்திரமே காணும். நீரிற் கரைந்த நைத்திரேற்றுக்கும் பூச்சிநாசினிக்கும் நிறமில்லை. ஆகவே அவை வானிலிருந்து தோன்றுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தபோது, அதனை முதலில் உணர்ந்தோர் கிணற்றில் நீரள்ளிய மக்களே. மின்னிலையமொன்றின் கழிவால் நேர்ந்த அம்மாசுக்காக 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு உயர்நீதிமன்றம் 2019 ஏப்பிரலில் ஆணையிட்டது. அவ்வழக்குக்கு வேராக அமைந்தது, நிலத்தின்கீழ் நடந்த தீங்கை நாவாலும் மூக்காலும் அறிந்த குடும்பங்களின் முறைப்பாடு.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி யூனில் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலின் கதையும் இதனை வலியுறுத்தும். எரியும் கப்பலின் புகையையும், பின்னர் கடலிற் படர்ந்த எண்ணெய்ப் படலத்தையும் செய்மதிகள் காட்டின. அக்கப்பலில் இருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாத்திக்கு மணிகளோ ஐந்து மில்லிமீற்றருக்கும் சிறியவை. மா ஓயா கடலைச் சேரும் அந்த நீர்கொழும்புக் கரையிலும் அவை வெண்மணலெனக் குவிந்தன. அவற்றைக் கரையினின்று பிரித்தெடுத்தோர், சல்லடையும் வாளியும் ஏந்திக் குனிந்து நின்ற மனிதர்கள். 2025 யூலையில் உயர்நீதிமன்றம் இந்நாட்டுக்கு 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தப்பட வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. விண்ணின் கண் தொடக்கிவைத்த அறிவை, மண்ணின் கைகளும் மன்றின் நீதியுமே நிறைவுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.

அறிவு செயலாக மாறாதபோது நேர்வது யாது என்பதை மலையகம் நன்கறியும். 2014 ஒற்றோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீறியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. வரைபடம் இருந்தது, அறிக்கை இருந்தது, குடியிருப்போர் பெயர்ந்து செல்வதற்கு வேறு காணியும் வீடும் இருக்கவில்லை. அபாயத்தை அறிந்தவன் ஒருவனாகவும் அதனை அனுபவிப்பவன் வேறொருவனாகவும் இருக்கும் சமுதாயத்தில், அறிவு பெருகுவதால் மாத்திரம் துயர் குறைவதில்லை.

இனிக் கையைப் பற்றி நோக்குவோம். ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவில் பொருளின் இயல்பு மாறுவதற்கு முதன்மையான காரணம் மேற்பரப்பின் பெருக்கம். ஒரு சென்றிமீற்றர் பக்கமுடைய கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்றிமீற்றர். அதனை ஒரு நனோமீற்றர் பக்கமுடைய கனசதுரங்களாகப் பகுத்தால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் ஆகின்றது. விரல்நுனியில் அடங்கும் பொருள் ஒரு வயலின் பரப்பைப் பெற்றுவிடுகின்றது. இரசாயனத் தாக்கங்கள் மேற்பரப்பிலேயே நிகழ்வதால், சிறிதளவு பொருள் பேரளவு நஞ்சைப் பற்றிக்கொள்ளவோ சிதைக்கவோ வல்லதாகின்றது.

இவ்வாற்றல் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவர்தம் மாணவரும், வெள்ளி முதலிய உலோகங்களின் நுண்துணிக்கைகள் நீரிலுள்ள பூச்சிநாசினிகளைச் சிதைப்பதைக் கண்டறிந்தனர்; அதன்வழி வந்த வடிகட்டி 2007 இல் சந்தைக்கு வந்தது. பின்னர் இரும்புச் சேர்வையின் நுண்துணிக்கைகளைக் கொண்டு குடிநீரிலுள்ள ஆசனிக்கை அகற்றும் முறையையும் உருவாக்கினர். இலங்கையில் 2008 இல் நிறுவப்பட்ட இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனத்தின் ஆய்வாளரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் இணைந்து, யூரியாவை ஐதரொட்சி அப்பற்றைற்று என்னும் கனிப்பொருளின் நுண்துணிக்கைகளோடு பிணைத்து, நைதரசனை மெல்ல மெல்ல விடுவிக்கும் பசளையொன்றை ஆக்கினர். 2017 இல் வெளியிடப்பட்ட அவ்வாய்வின்படி, நெல்வயற் பரிசோதனையில் யூரியாவின் அளவைப் பாதியாகக் குறைத்தபோதும் விளைச்சல் குன்றவில்லை. வழக்கமாக இடப்படும் யூரியாவின் பெரும்பகுதி பயிரைச் சேராது காற்றிலும் நீரிலும் கலந்துவிடுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தால், இக்கண்டுபிடிப்பின் அருமை விளங்கும். மாசு பிறந்த பின் அகற்றுவதினும் அது பிறவாமற் செய்வது உயர்ந்ததல்லவா? கேகாலை மாவட்டத்திலேயே போகலைச் சுரங்கத்தினின்று உயர்தரக் காரீயம் அகழப்படுகின்றது. அதனின்று பெறத்தக்க கிரபீன் என்னும் ஓரணுத் தடிப்புத் தாள் நீரை வடிக்கப் பயன்படுமா என்பது உலகெங்கும் ஆராயப்பட்டு வருகின்றது. சப்பிரகமுவ மண் மாசுக்கு இரையாவதோடு அதன் மருந்துக்கும் மூலமாகலாம்.

ஆயினும் மருந்து என்னும் சொல்லை வரலாறு எச்சரிக்கையோடு கேட்கச் சொல்கின்றது. குளிரூட்டும் பெட்டிகளுக்கென 1920 களின் இறுதியில் ஆக்கப்பட்ட குளோரோபுளோரோகாபன்கள், எரியாதவை, நஞ்சற்றவை, பிறவற்றோடு எளிதில் தாக்கமுறாதவை எனப் போற்றப்பட்டன. எளிதிற் சிதையாத அந்த நற்பண்பே அவற்றை வானின் உயர்மண்டலம் வரை கொண்டுசென்று, அங்கு ஓசோனை அழிக்கச் செய்தது. அவற்றை ஆக்கியோர் தீயோர் அல்லர்; முன்னைய நச்சு வாயுக்களிலிருந்து இல்லங்களைக் காக்கவே முயன்றனர். நன்னோக்கம் ஒன்றே போதாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

நனோ துணிக்கைகளின் ஆற்றலுக்குக் காரணமான அதே சிறுமையும் தாக்குதிறனும் அவற்றின் ஆபத்துக்கும் காரணமாகலாம். நோய்க்கிருமியைக் கொல்லும் வெள்ளித் துணிக்கை, மண்ணையும் நீரையும் வளம்பெறச் செய்யும் நல்ல நுண்ணுயிரை இனங்கண்டு விட்டுவைப்பதில்லை. இதனாலேயே பிரித்தானிய றோயல் கழகமும் பொறியியற் கழகமும் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில், எதனோடும் பிணைக்கப்படாத நனோ துணிக்கைகளைச் சூழலைத் தூய்மையாக்கும் பொருட்டு மண்ணிலோ நீரிலோ விடுவிப்பதை, தக்க ஆய்வுகள் நிறைவுறும் வரை தடைசெய்ய வேண்டுமெனப் பரிந்துரைத்தன. வடிகட்டியினுள் கட்டுண்டு நிற்கும் துணிக்கை வேறு. ஆற்றிற் கலந்துவிடும் துணிக்கை வேறு. முன்னதைத் தவறெனக் கண்டால் கழற்றி எறியலாம். பின்னதைத் திரும்ப அழைப்பார் யாருமிலர்.

இங்கு அறவியலின் நடுவான வினாவை அடைகின்றோம். மாசை அகற்றும் ஆற்றல், மாசு செய்யும் உரிமையைத் தருமா? வெளிப்படையாக எவரும் 'ஆம்' எனக் கூறார். ஆயின், பின்னர் தூய்மையாக்கிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் திட்டமிடுவோரின் உள்ளத்தில் ஓசையின்றிக் குடியேறுகின்றது. தமிழர் அறமரபில் 'கழுவாய்' என்றொரு கருத்து உண்டு. செய்த பிழைக்கு வருந்தி அதனைத் துடைக்கும் வழி அது. கழுவாய் வருந்துவோனுக்கு உரியது. கழுவாய் உண்டென்ற துணிவில் பிழையைத் திட்டமிடுபவன் அதனைப் பெறுவதில்லை. அவன் கழுவாயையே பிழையின் ஓர் உறுப்பாக மாற்றிவிடுகின்றான். வடிகட்டியை நம்பி ஓடையில் நஞ்சு கலப்பவன் நிலையும் இதுவே. செய்ந்நன்றி கொன்றோனுக்குக் கழுவாயே இல்லை என அம்மரபு கருதியமையும் ஈண்டு நினையத்தக்கது. மழையின் சிறப்பைக் கடவுள் வாழ்த்தை அடுத்து வைத்த வள்ளுவரின் வரிசைமுறையில், நீருக்கு மனிதன் பட்டிருக்கும் கடன் எத்தகையது என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்விடத்தில் வலுவான மறுப்பொன்று எழும். அறவுரை வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு. ஆசனிக்கு கலந்த நீரை இன்று குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, மனிதரின் மனம் திருந்தும் வரை காத்திரு எனக் கூறலாமா என்பதே அது. இம்மறுப்பு நியாயமானது. நீரை வடிக்கும் கருவி கையிலிருக்க, அதனைக் கொடாது தத்துவம் பேசுதல் கொடுமை. அறம் அறிவைப் புறக்கணித்தால் நேரும் கேட்டை இலங்கை அண்மையில் அனுபவித்தது. 2021 இல் மண்ணையும் மக்களையும் நஞ்சினின்று காப்பதாகக் கூறி, இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நோக்கம் நன்றெனவே வைத்துக்கொள்வோம். மாற்றுப் பசளை போதியளவு ஆயத்தமில்லை. உழவரின் சொல் கேட்கப்படவில்லை. படிப்படியான மாற்றம் வகுக்கப்படவில்லை. நெல்லும் தேயிலையும் வீழ, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை பெருமளவுக்குத் தளர்த்தப்பட்டது. அதன் சுமையை வயலிலும் மலையிலும் கூலிக்கு உழைப்போர் தாங்கினர். ஆகவே, தொழினுட்பத்தை விலக்கிவிட்ட அறம் குருடு. அறத்தை விலக்கிவிட்ட தொழினுட்பம் கடிவாளமற்ற குதிரை.

ஆயின் அம்மறுப்பு நிறுவுவது ஒன்றே: துன்புறுவோனுக்குக் கருவியை மறுக்கலாகாது. துன்பத்தைத் தோற்றுவிப்போன் அதே கருவியைக் காட்டித் தன் கடனினின்று விடுபடலாம் என அது நிறுவவில்லை. காயப்பட்டோனுக்கு மருந்திடுவது வைத்தியனின் கடன். அம்மருந்து கடையில் உண்டு என்பது வெட்டியவனுக்கு விடையாகாது. ஒரே கருவி ஒருவன் கையில் இரக்கமாகவும் மற்றொருவன் வாயிற் சாட்டாகவும் மாறுகின்றது. கருவி மாறவில்லை, அதனை ஏந்துவோன் நின்ற இடம் மாறுகின்றது. கருவியை மாத்திரம் ஆராய்ந்து அதன் நன்மை தீமையைத் தீர்மானிக்க முடியாது என்பதற்குக் காரணம் இதுவே.

நுகர்வைக் குறைப்பதன் வலிமைக்கும் விண்ணின் கண்ணே சான்று பகர்ந்துள்ளது. 2020 இல் கொள்ளைநோயால் நாடுகள் முடங்கியபோது, இந்தியப் பெருநகரங்களின் மேல் நைதரசன் ஈரொட்சைட்டு வெகுவாகக் குறைந்ததைச் செய்மதிகள் பதிவுசெய்தன. எந்தக் கருவியும் அங்கு வானைக் கழுவவில்லை. மனிதர் மாசைத் தோற்றுவியாதிருந்தனர். அவ்வடக்கம் விரும்பி ஏற்றதன்று. நாட்கூலிகளைப் பசியில் ஆழ்த்தியது. ஆகவே அதனை முன்மாதிரியெனக் கொண்டாட முடியாது. எனினும், விலகியிருத்தல் என்பதும் ஒரு செயலே, அதன் பயன் அளந்தறியத்தக்கதே என்பதை அது நிறுவியது.

எஞ்சியுள்ள வினா நீதி பற்றியது. புதிய தொழினுட்பத்தின் நன்மை யாரை முதலில் அடைகின்றது? அதன் ஆபத்தை யார் முதலில் ஏற்கின்றனர்? தோட்டங்களில் களைநாசினி தெளிப்போர், அதன் பெயர்ச்சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க இயலாமலே பல்லாண்டு அதனை முதுகிற் சுமந்தனர். நாளை நனோ பசளையும் நனோ நாசினியும் வரும்போது, அவற்றைக் கையால் அள்ளித் தூவுவோரும் அவர்களாகவே இருப்பர். அவர்களுக்கு விளங்கும் மொழியில் அறிவிக்காது, அவர்தம் இசைவு பெறாது, அவர்தம் உடலைப் பரிசோதனைச் சாலையாக்கும் உரிமை எந்த விஞ்ஞானத்துக்கும் இல்லை. அவ்வாறே, செய்மதிப் படங்கள் எவர்க்கும் இலவசம் எனும் பெருமையும், ஓடையருகே வாழ்வோர் அதனைப் படித்தறிந்து அலுவலகத்தின் கதவைத் தட்ட இயலும் நாளிலேயே முழுமை பெறும். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, இயற்கையைப் பாதுகாத்தலை ஒவ்வொருவரதும் கடமையெனக் கூறுகின்றது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டமும் உண்டு. கடமையைப் பொதுவில் வைத்துவிட்டு, அதனை ஆற்றுவதற்கு வேண்டிய அறிவைச் சிலரிடம் பூட்டிவைத்தல் முரண்பாடாகும்.

ஜெர்மனியத் தத்துவஞானி ஹான்ஸ் யோனாஸ் 1979 இல் வெளியிட்ட நூலில், தொழினுட்பத்தால் மனிதனின் ஆற்றல் எத்துணைத் தூரம் நீள்கின்றதோ அத்துணைத் தூரம் அவன் பொறுப்பும் நீளவேண்டும் என்னும் கருத்தை நிறுவினார். முன்னாளில் ஒருவன் செய்த தீங்கு அவன் ஊரெல்லையுடன் நின்றது. ஆகவே பழைய அறமும் அயலானோடு நின்றது. இன்று ஒரு தலைமுறை விடுவிக்கும் துணிக்கை, பிறவாத தலைமுறையின் குருதியிற் கலக்கலாம். அவர்களிடம் இசைவு கேட்க வழியில்லை. கேட்க முடியாதோரின் பொருட்டுத் தன்னைத் தான் கட்டுப்படுத்திக்கொள்ளுதலே இக்காலத்துக்குரிய அறமாகும்.

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. மாசைக் காணும் ஆற்றல் வாய்த்த பின், 'அறியேன்' என்னும் விடை எவர்க்கும் இல்லை. ஆகவே கண் கூர்மையாகுந்தோறும் கடன் பெருகுகின்றது. வானின் காட்சி மண்ணின் சாட்சியோடு சேர்த்தே கொள்ளப்பட வேண்டும். படத்தில் தோன்றாத ஓடை தூய்மையானது என முடிபு செய்தல் ஆகாது. நுண்துணிக்கைகளில், திரும்பப் பெறக்கூடியவற்றை வரவேற்றும், திரும்பப் பெறவியலாதவற்றை ஐயுற்றும் நடத்தல் வேண்டும். மாசு பிறவாமற் காக்கும் தொழினுட்பம் பிறந்த மாசைத் துடைப்பதனினும் மேலானது. எவ்வழியிலும் கருவியின் செலவைக் கேடு செய்தோரும், அதன் பயனைக் கேடுற்றோரும் முதலிற் பெறுதல் நீதி.

ரம்புக்கனையில் முன்னாளிற் பூட்டப்பட்ட துணை எந்திரத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். அதன் உந்துதலின்றி வண்டி ஏற்றத்தைக் கடந்திராது. ஆயின் இருப்புப்பாதையை அமைத்ததும், வண்டி எங்கு செல்வது எனத் தீர்மானித்ததும், அதில் யார் ஏறலாம் என வகுத்ததும் அவ்வெந்திரம் அன்று. செய்மதியும் நனோ தொழினுட்பமும் இன்று மனிதகுலத்துக்குக் கிடைத்திருக்கும் துணை எந்திரங்கள். ஏற்றம் செங்குத்தானது, அவற்றின் துணை வேண்டற்பாலதே. பாதையை வகுக்கும் பொறுப்போ மனிதரிடமே உள்ளது. பீலியில் நீர் பிடிக்கும் பெண் குடத்தை முகர்ந்து பாராமலே இடுப்பில் ஏற்றிச் செல்லும் நாள், அப்பாதை செம்மையாக வகுக்கப்பட்டது என்பதற்குச் சான்றாக அமையும்.